எழுவான்கரை மணலும் படுவான்கரைக் களியும்: வீட்டுத்தோட்டச் சொற்களை விளங்கிக்கொள்ளல்

விவசாயத் திணைக்களத்தின் துண்டுப்பிரசுரத்தையோ விதைப் பைக்கற்றின் பின்புறத்தையோ கையில் எடுத்தால், எழுதியிருப்பது தமிழாகவே இருந்தும், செய்யவேண்டிய வேலை என்னவென்று விளங்காமல் போவதுண்டு. அடிக்கட்டு, மேற்கட்டு, பத்திரக்கலவை, வன்மைப்படுத்தல் முதலியன வீட்டில் ஒருவரும் வாய்திறந்து பேசாத சொற்கள். இந்தியக் காணொளிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. நாம் பசளை என்பதை அவர்கள் உரம் என்கிறார்கள், பசளை என்று அவர்களிடம் சொன்னால் கீரையை நினைத்துக்கொள்வார்கள். சொல்லின் பொருள் தெரிந்துவிட்டாலும் மட்டக்களப்பில் வேலை முடிந்துவிடுவதில்லை. வாவிக்குக் கிழக்கே கடலோரமாக நீளும் எழுவான்கரையில் பெரும்பாலும் மணல். மேற்கே வயலும் குளமுமாக விரியும் படுவான்கரையில் களியும் வண்டலும் கலந்த நிலம். ஒரே சொல் இந்த இரு கரைகளிலும் பல வேளைகளில் எதிரெதிரான வேலைகளைக் குறிக்கும்.

முதலில் அறியவேண்டியது மண் இழையமைப்பு. மண்ணிலுள்ள மணல், வண்டல், களி ஆகிய துணிக்கைகள் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பதே இதன் பொருள். இதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, கல்லையும் வேரையும் நீக்கி, சிறிது சிறிதாக நீர்விட்டுப் பிசைந்து உருட்டிப் பாருங்கள். உருண்டை பிடிக்காமல் விரலிடுக்கால் உதிர்ந்தால் அது மணல். உருண்டை பிடித்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்துத் தள்ளும்போது நாடாபோல நீண்டு, கழுவிய பின்னும் கைரேகையில் ஒட்டிக்கொண்டிருந்தால் அது களி. உருண்டை பிடித்து, நாடாவாகத் தள்ளும்போது சற்று நீண்டு உடைந்துவிட்டால் இரண்டுக்கும் இடைப்பட்ட இருவாட்டி மண். அது வாய்த்தவர்கள் பாக்கியசாலிகள்.

இழையமைப்பையும் கட்டமைப்பையும் ஒன்றென மயங்குதல் கூடாது. அந்தத் துணிக்கைகள் ஒன்றோடொன்று சேர்ந்து சிறு கட்டிகளாகி, இடையில் காற்றுக்கும் நீருக்கும் வழிவிட்டு நிற்கும் விதமே கட்டமைப்பு. இழையமைப்பை நம்மால் மாற்ற இயலாது. கட்டமைப்பை மாற்றலாம், கெடுக்கவும் செய்யலாம். களி நிலத்தை ஈரமாக இருக்கும்போது மண்வெட்டியால் கொத்திப் புரட்டினால் அது காய்ந்தபின் செங்கல்லாகிவிடும். களியை இளக்குவதற்கென்று இரண்டு வாளி மணல் கொட்டுவதும் பலன் தராது; உக்கிய சேதனப் பொருளே (மாட்டெரு, இலைகுழை போன்றவை) இரு கரைக்கும் மருந்து, மணலில் நீரைப் பிடித்துவைக்கவும் களியில் நீருக்கு வழிவிடவும் அதுவே உதவுகிறது.

வடிகால் என்றவுடன் கான் வெட்டுவதை மட்டும் எண்ணுகிறோம். வேர் நிற்கும் இடத்தில் மிகையான நீர் தங்காமல் இறங்கிப்போகும் தன்மையே வடிகால். எழுவான்கரையில் கல்லடியிலோ களுதாவளையிலோ உள்ள மணலுக்கு அது இயல்பாகவே உண்டு, வேண்டியதற்கு மேலாகவும் உண்டு. ஆகையால் "நன்கு நீர் ஊற்றவும்" என்ற அறிவுறுத்தலுக்கு மணலில், சிறிது சிறிதாக அடிக்கடி ஊற்றுதல் என்று பொருள்கொள்ள வேண்டும். ஒரே முறையில் நாலு வாளி ஊற்றினால் வேரைத் தாண்டிக் கிணற்றுக்கே திரும்பிப் போய்விடும். களியில் அதே அறிவுறுத்தல், நன்கு நனையவிட்டுப் பின்னர் சில நாள் பொறுத்தல் என்றாகும்.

பாத்தியும் அப்படித்தான். உயர்பாத்தி நிலமட்டத்துக்கு மேலே எழுப்புவது. தாழ்பாத்தி நிலமட்டத்துக்குக் கீழே இறக்கி, சுற்றிலும் சிறு வரம்பு கட்டுவது. வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் (நாம் கொறிக்கும் நிலக்கடலையான கச்சானுக்கும் இதே பெயர் என்பது வெளியூர் உறவினர்களுக்கு எப்போதும் வேடிக்கை) எழுவான்கரை மணலில் தாழ்பாத்தி ஈரத்தைக் காக்கும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாரியில் அதே பாத்தி நீர்த்தொட்டியாகி வேர் அழுகும். அப்போது அங்கும் உயர்பாத்திதான் வேண்டும். படுவான்கரையில் மாரிக்கு உயர்பாத்தியோடு பாத்திகளுக்கிடையே ஒரு சாண் ஆழமான கானும் இல்லாமல் மிளகாய் நடுவது வீண்வேலை.

சேதனப் பசளை என்பது உயிர்ப்பொருளிலிருந்து வந்த பசளை: மாட்டெரு, கோழியெரு, இலைகுழை, கூட்டெரு. அசேதனப் பசளை என்பது யூரியா, டீ.எஸ்.பி. (பொசுபரசுப் பசளை), எம்.ஓ.பி. (பொட்டாசியப் பசளை) போன்றவை. இங்கு மிகவும் தவறாக விளங்கப்படும் சொல் உக்குதல். எருப்பட்டியிலிருந்து இன்று அள்ளிய சாணம் எருவாகிவிடாது. அது உக்கும்போது வெப்பத்தை வெளியிடும், இளம் வேரைச் சுடும், களைவிதைகளையும் கூடவே கொண்டுவரும். உக்கிய எருவைக் கையில் எடுத்தால் சூடு இராது, சாணநாற்றம் இராது, மழை பெய்த காட்டு மண்ணின் வாசம் வரும், எதிலிருந்து வந்ததென்று அடையாளம் காணமுடியாமல் பொலபொலவென்றிருக்கும். கூட்டெருக் குவியலில் நைதரசன் மிகுந்த பச்சைப் பொருளும் (கிளிசரிடியா இலை, மரக்கறிக் கழிவு, வாவியிலிருந்து அள்ளிய ஆற்றுவாழை) காபன் மிகுந்த காய்ந்த பொருளும் (வைக்கோல், சருகு) கலந்திருக்க வேண்டும். காபன் நைதரசன் விகிதம் 30 இற்கு 1 என்று நூல்கள் குறிப்பதை வீட்டுக் கணக்கில், பச்சை ஒரு கூடை என்றால் காய்ந்தது இரண்டு கூடை என்று கொள்ளலாம். குவியல் நாறினால் காய்ந்ததைச் சேர்த்துப் புரட்டுங்கள். அசையாமல் கிடந்தால் பச்சையும் நீரும் சேருங்கள்.

அடிக்கட்டுப் பசளை நடுவதற்கு முன் மண்ணோடு கலப்பது. மேற்கட்டுப் பசளை பயிர் நின்று வளரும்போது தவணையாக இடுவது. இந்தச் சொல்லால் நான் பட்டபாடு ஒன்றுண்டு. தோட்டம் தொடங்கிய ஆண்டில், மேற்கட்டு என்றால் செடியின் மேலே இடுவதாக்கும் என்று நானே பொருள்கொண்டு, பதினைந்து மிளகாய்க் கன்றுகளின் தலையில் யூரியாவைத் தூவிவிட்டேன். காலைப் பனியில் குறுணிகள் கரைந்து இலையில் ஒட்டிக்கொண்டன. மறுநாள் மாலைக்குள் இலை ஓரமெல்லாம் கருகிச் சுருண்டது. மேற்கட்டு என்பது மண்ணின் மேற்பரப்பில், தண்டிலிருந்து ஏறத்தாழ நான்கு விரல் தள்ளி, வட்டமாக இட்டு, மண்ணால் மூடி நீர் விடுவது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். 50 கிலோ மூட்டையில் 23 கிலோ. மணலில் அது நீரோடு விரைந்து கழுவப்பட்டுப் போவதால், பரிந்துரைத்த மொத்த அளவைக் கூட்டாமல், அதையே பல சிறு தவணைகளாகப் பிரித்து இடுவது நல்லது. களியில் தவணைகள் குறைந்தாலும் பாதகமில்லை.

பத்திரக்கலவை என்ற சொல்லில் எதையும் கலக்கும் வேலை இல்லை. செடியைச் சுற்றி நிலத்தை வைக்கோல், சருகு, தென்னோலை, தும்பு என்பவற்றால் மூடுவதே அது; மூடுபடை என்ற சொல் இதனிலும் தெளிவானது என்பது என் எண்ணம். கச்சான் மாதங்களில் மணல் நிலத்துக்கு இதைவிட மலிவான நீர்ச்சேமிப்பு கிடையாது. தண்டை ஒட்டி இடாமல் ஓர் அங்குல வெளி விடவேண்டும். மாரியில் களி நிலத்தில் தடித்த மூடுபடை நத்தைக்கு வீடாகிவிடும்; அங்கே மெல்லியதாக இட்டால் போதும்.

நாற்றுமேடை என்பது விதையை முளைக்கவைத்துக் கன்றாக்கும் சிறு பாத்தி. அதன் மண்ணைத் தொற்றுநீக்கல் என்றால், வைக்கோலும் உமியும் பரப்பி மேடையில் எரிப்பது அல்லது நனைத்த மேடையை நிறமற்ற பொலித்தீனால் மூடிச் சில வாரங்கள் வெயிலில் விடுவது. கன்றுகள் அடித்தண்டு கறுத்துச் சாய்ந்து சாவதை இது பெருமளவு குறைக்கும். அதன்பின் வரும் வன்மைப்படுத்தல் நம்மில் அநேகர் தவிர்த்துவிடும் படி. நிழலில் செல்லமாக வளர்ந்த கன்றை, நடுவதற்கு ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே நீரைச் சற்றுக் குறைத்து, நாளுக்கு நாள் கூடுதலாக வெயில் காட்டிப் பழக்குவதே அது. தக்காளி மூன்று நான்கு வாரத்திலும் மிளகாயும் கத்தரியும் நான்கு ஐந்து வாரத்திலும் நடத்தக்கவை. நடுவதை மாலையில் செய்யுங்கள். இடைவெளி 60 × 45 சென்ரிமீற்றர் என்றிருந்தால், முதல் எண் வரிசைக்கும் வரிசைக்கும், இரண்டாவது எண் ஒரே வரிசையில் கன்றுக்கும் கன்றுக்கும்.

கலப்பினம் என்று பைக்கற்றில் கண்டால், அதன் காயிலிருந்து எடுக்கும் விதை தாயைப்போல வராது என்று பொருள். ரெட் லேடி பப்பாசியைத் தின்று அதன் விதையைப் போட்டு, மரம் வளர்ந்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் காய்த்ததைக் கண்டு விதையைக் குறைசொல்வதில் பயனில்லை. ஆண்டுதோறும் விதை எடுத்துவைக்க விரும்புவோர் நாட்டு இனத்தையோ, கலப்பினமல்லாத திருந்திய இனத்தையோ தேடவேண்டும். பதிவைத்தல், ஒட்டுதல் இரண்டும் தாய்மரத்தின் குணத்தை அப்படியே பெறும் வழிகள்: முன்னது கிளையை மரத்திலிருக்கும்போதே வேர்விடச் செய்து பிரிப்பது, பின்னது வேறொரு கன்றின் வேர்க்கட்டையில் பொருத்துவது. ஒட்டுமாவில் ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதைக் கிள்ளிவிடுங்கள். அது வேர்க்கட்டையின் துளிர்.

பயிரைத் தின்னும் அல்லது சாறுறிஞ்சும் பூச்சி முதலியன பீடை. அதற்கு அடிப்பது பீடைநாசினி. பூஞ்சண நோய்க்கு அடிக்கும் பங்கசுநாசினி பூச்சியைக் கொல்லாது, களைநாசினி பயிரையும் கொல்லக்கூடும். போத்தலின் சுட்டுத்துண்டில் நீங்கள் தேடவேண்டிய சொல், அறுவடைக்கு முந்திய காத்திருப்புக் காலம்: கடைசியாக விசிறிய நாளிலிருந்து காய் பறிக்கும்வரை விடவேண்டிய நாட்கள். அங்கே 14 என்றிருந்தால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கும் பயற்றங்காய்க்கும் வெண்டிக்கும் அது பொருந்தாத மருந்து என்று வாங்குமுன்னரே கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். வேறென்ன செய்யலாம் என்று கேட்க, விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைப்பதாயின், பூச்சி இலையின் மேலா கீழா இருக்கிறது என்பதை முதலில் புரட்டிப் பார்த்துவிட்டு அழையுங்கள். அவர்களும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.