பழைய டிரான்ஸ்-ஆம் பந்தயக் காரைப் புதிதாகக் கட்டுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

செடான் என்றதும் நம் ஊரில் நாலு கதவும் தனி டிக்கியும் உள்ள கார்தான் ஞாபகத்துக்கு வரும். அமெரிக்காவில் 1966இல் தொடங்கிய டிரான்ஸ்-அமெரிக்கன் செடான் சாம்பியன்ஷிப்பில், அதாவது டிரான்ஸ்-ஆமில், பேர் வாங்கியவை ஃபோர்டின் மஸ்டாங்கும் ஷெவர்லேயின் கமாரோவும். இரண்டுக்குமே கதவு இரண்டுதான். நாலு பேர் உட்கார இடம் இருந்தால் விதிப்படி செடான், அவ்வளவுதான் கணக்கு. செப்ரிங்கில் நடந்த முதல் பந்தயத்தில் பெரிய இன்ஜின் கார்களையெல்லாம் பின்னால் விட்டு ஜெயித்தது, யோஹன் ரிண்ட் ஓட்டிய ஒரு சின்ன ஆல்ஃபா ரோமியோ என்பது தனிக்கதை.

அந்தக் கால டிரான்ஸ்-ஆம் கார்களை இன்று புதிதாகக் கட்டுகிறவர்கள் நிறையப் பேர். 1969 கமாரோவின் முழு பாடியே புதுத் தகட்டில் அடித்து விற்பனைக்கு வருகிறது. காசு இருந்தால் கட்டுவது பெரிய காரியமில்லை. ஆனால் முதல் சறுக்கல் இந்தச் 'செடான்' கணக்கிலேயே வந்துவிடுகிறது. சாய்ந்த கூரை மஸ்டாங் ஒன்றை வாங்கி, ஷெல்பி பட்டறை மஸ்டாங்கை மாற்றிச் செய்த ஜிடி350 போல் கோடு போட்டு, '1966 டிரான்ஸ்-ஆம் கார்' என்று எழுதிவிடுகிறார்கள். ஜிடி350 பந்தயத்தில் இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் கணக்கில் சேர்ந்தது. செடான் வரிசையில் அதற்கு இடமே இல்லை. டிரான்ஸ்-ஆமுக்காக ஷெல்பி பட்டறையில் தயாரானது, பின்கண்ணாடிக்குக் கீழே படி இறங்கியது போல் டிக்கி வைத்த சாதாரண ஹார்ட்டாப் மஸ்டாங். 1967இல் ஜெர்ரி டைட்டஸ் ஜெயித்ததும் அந்த வடிவத்தில்தான். சாய்ந்த கூரை மஸ்டாங் இந்தக் களத்துக்கு வந்தது 1969இல், பாஸ் 302 என்ற மாடலாக.

அடுத்தது இன்ஜின். 'வி8 தானே, பெரிசாகவே போட்டுவிடலாம்' என்று 350 கன அங்குல இன்ஜினை இறக்குகிறார்கள். அது 5.7 லிட்டர். அன்றைய டிரான்ஸ்-ஆமின் உச்சவரம்பு 5 லிட்டர். அந்த வரம்புக்குள் நுழைய ஷெவர்லே செய்த வேலையில்தான் காரின் சுவாரசியமே இருக்கிறது. 327 இன்ஜினின் பிளாக்கை எடுத்துக்கொண்டார்கள், அதன் போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 4 அங்குலம். உள்ளே 283 இன்ஜினின் கிராங்க், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 3 அங்குலம். கணக்குப் போட்டால் எட்டு சிலிண்டருக்கும் சேர்த்து 302 கன அங்குலம். நம் கணக்கில் 4,942 சிசி. வரம்புக்கு 58 சிசிதான் மிச்சம். அகலமான போரும் குட்டையான ஸ்ட்ரோக்கும் உள்ள இந்த இன்ஜின் கீழ் ஆர்பிஎம்மில் மந்தமாக இருக்கும். 5,000 தாண்டிய பிறகுதான் விழித்துக்கொள்ளும், ஏழாயிரத்துக்கும் மேலே கூசாமல் சுற்றும். நீளமான ஸ்ட்ரோக் உள்ள 350 இதற்கு நேர்மாறு, கீழேயே இழுவை கொட்டும். வளைவிலிருந்து வெளியே வரும்போது இரண்டையும் ஓட்டும் விதமே வேறு. வெளித்தோற்றம் அச்சு அசலாக இருந்து இன்ஜின் இப்படி மாறிவிட்டால், என்னைப் பொறுத்தவரை அது புலித்தோல் போர்த்திய வேறு ஏதோ ஒன்று.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஆண்டைக் குழப்புவது. '60களின் கமாரோ' என்று ஒரு கார் கிடையாது. 1967 காரின் கதவில் முன்பக்கம் முக்கோணச் சின்னக் கண்ணாடி இருக்கும். 1968இல் அது போய்விட்டது. பக்கவாட்டில் சின்ன விளக்கு வந்தது 1968இல். பின்னால் குனிந்து பார்த்தால் 1967இல் ஷாக் அப்சார்பர் இரண்டும் அச்சுக்கு ஒரே பக்கம் இருக்கும். முடுக்கும்போது சக்கரம் துள்ளுகிறது என்று 1968இல் ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் வைத்தார்கள். 1969இல் வெளித்தகடே வேறு. அந்த ஆண்டுவரை பந்தயக் கமாரோவில் நாலு வாய் கார்புரேட்டர் இரண்டு இருக்கலாம். 1970 விதிப்படி ஒன்றுதான். ஆகவே முதலில் ஆண்டை முடிவு செய்யுங்கள். முடிந்தால் எந்தப் பந்தயம், எந்த எண் கார் என்பது வரை. அப்புறம்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும்.

புகைப்படத்தை மட்டும் நம்பி இதை முடிவு செய்யவும் முடியாது. பென்ஸ்கி பந்தய அணி, சன்கோ எண்ணெய் நிறுவனத்தின் பெயரோடு ஓட்டிய நீலநிறக் கமாரோக்களைப் பாருங்கள். 1968 செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்துக்குப் போன இரண்டு கார்களில் ஒன்று 1967 கார், 1968 வேடம் போட்டது. எடை குறைய அதன் பாடியை அமிலத்தில் முக்கித் தகட்டை மெலிதாக்கியிருந்தார்கள். பந்தயத்துக்கு முந்தைய விதிப் பரிசோதனைக்கு ஒழுங்கான காரையே எண்ணை மாற்றி இரண்டு முறை அனுப்பித் தப்பித்தார்கள். இரண்டும் மூன்றாவது, நான்காவது இடத்தில் முடித்தன. 1969இல் அதே அணியின் கார் கூரையில் வினைல் ஒட்டியிருந்தது. அமிலத்தில் மெலிந்து நெளிந்த தகட்டை மறைக்கத்தான் என்று எதிரணியினர் சொன்னார்கள். அசல் காரே இப்படி என்றால், படத்தைப் பார்த்து நகல் எடுப்பவர் பாடு என்ன ஆகும்!

சக்கர விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது 15 அங்குலம். 18 அங்குலச் சக்கரமும் தட்டையான டயரும் மாட்டினால் அந்தக் கார் நிற்கும் தோரணை அங்கேயே கெட்டது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் 'அந்தக் காலத்தில் எப்படியோ அப்படியே' என்று அடம் பிடிக்கக் கூடாது. பாதுகாப்பு கூண்டு, சீட் பெல்ட், பெட்ரோல் டேங்க் ஆகியவை இன்றைய தரத்தில்தான் இருக்க வேண்டும். யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுவது போல, இன்ஜினுக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டுக் கூண்டில் மிச்சம் பிடிக்கிறவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

கடைசியாகக் காகிதம். பழைய காரின் சேசிஸ் நம்பரைப் பெயர்ப்பதும் திருத்துவதும் அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். ஐரோப்பாவில், உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ தரும் வரலாற்றுத் தொழில்நுட்ப பாஸ்போர்ட்டைக் காட்டி 'இது அசல்' என்று விலை பேசுவதும் நடக்கிறது. காரின் அமைப்பு அந்தக் கால விதிக்குப் பொருந்துகிறது என்று மட்டும்தான் அது சொல்லும். அன்று பென்ஸ்கி அணியின் ஓட்டுநர் மார்க் டோனஹ்யூ உட்கார்ந்த கார் இதுதான் என்று சொல்லாது. கட்டிய ஆண்டையும், எந்தக் காரைப் பார்த்துக் கட்டியது என்பதையும் ஒரு தகட்டில் பொறித்து டேஷ்போர்டில் அடித்துவிடுங்கள். நீங்கள் விற்ற பிறகு மூன்றாவது கை மாறும்போது யார் என்ன கதை விடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை.