எடுத்து வைத்த தாய்ப்பாலைச் சூடாக்குவது எப்படி?

அம்மா தஞ்சாவூருக்கு வேலைக்குப் போனாலும் சரி, நடவுக்குப் போனாலும் சரி, எடுத்து வைத்த பாலைப் புகட்டுவது பெரும்பாலும் வீட்டில் இருக்கும் அப்பாயியோ அம்மாயியோதான். அவர்களுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். மாட்டுப்பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சிப் பழகியவர்களுக்குத் தாய்ப்பாலையும் அடுப்பில் ஏற்றத்தான் தோன்றும். ஏற்றவே கூடாது. அடுப்பில் தண்ணீர் மட்டும்தான் சுட வேண்டும். பால் கொதித்தால் குழந்தையை நோயிலிருந்து காக்கும் சத்துகள் அழிந்துபோகும்.

முதலில் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். ஃப்ரிட்ஜில் இருப்பதில் பழைய தேதிப் பாலை எடுங்கள்; உள்தட்டில் வைத்தது 4 நாள் வரை தாங்கும். ஃப்ரீசரில் உறைந்த பால் என்றால் முந்தின இரவே கீழ்த்தட்டுக்கு இறக்கிவிடுங்கள். முழுக்க உருகிய பிறகு 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது.

அடுத்து, ஒரு கிண்ணத்தில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுங்கள். ஒரு வேளைக்கு வேண்டிய பாலை மூடி போட்ட சிறு பாட்டிலில் அதற்குள் நிறுத்துங்கள். தண்ணீர் மூடி வரை ஏற வேண்டாம். ஆறிப்போனால் வெந்நீரை மாற்றுங்கள். மைக்ரோவேவ் கூடவே கூடாது: பாட்டில் தொட்டால் இளஞ்சூடாக இருக்கும், உள்ளே ஒரு பக்கம் மட்டும் கொதித்துக் கிடந்து வாயைச் சுட்டுவிடும்.

மேலே மஞ்சளாக ஏடு பிரிந்திருந்தால் பயப்படாதீர்கள், கொழுப்புதான் அது. பாட்டிலை மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். லேசான சோப்பு வாசனையும் கெட்டதற்கு அடையாளமில்லை. புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

அப்புறம் மணிக்கட்டின் உட்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சுடவும் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது. உடம்புச் சூடு, அதாவது 37 டிகிரி போதும். சொல்லப்போனால் சூடாக்கியே தீர வேண்டும் என்பதும் இல்லை. குழந்தை குடித்தால் குளிர் விட்ட பாலையே கொடுக்கலாம்.

புகட்டுவதற்கு எனக்குப் பிடித்தது நம் பாலாடைதான், அதாவது மூக்கு வைத்த சிறு கிண்ணம். பாட்டில் நிப்பிளைவிடக் கழுவுவது சுலபம், அழுக்கு ஒளிய இடுக்கும் இல்லை. கொதிநீரில் போட்டு எடுத்த பாலாடையில் பாதி ஊற்றுங்கள். விழித்திருக்கும் குழந்தையை மடியில் தலை உயர்த்திச் சாய்த்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டோரம் வைத்துச் சிறிது சாய்த்தால் போதும். ஒரு வாய் விழுங்கிய பிறகுதான் அடுத்தது. வாய்க்குள் ஊற்றாதீர்கள், புரையேறும்.

சூடாக்கிய பால், குடித்து மிஞ்சிய பால், இரண்டுக்கும் 2 மணி நேரம்தான் கெடு. புதிதாக எடுத்த பால் வெளியில் 4 மணி நேரம் இருக்கலாம் என்பது 25 டிகிரி அறைக்கான கணக்கு. சித்திரை வைகாசியில் நம் டெல்டா வீடுகளுக்கு அது பொருந்தாது. எடுத்தவுடன் ஃப்ரிட்ஜில் வையுங்கள். கரண்ட் போனால் அதன் கதவைத் திறக்காமல் இருங்கள். குறைமாதக் குழந்தை என்றால் இந்த நேரக் கணக்கையெல்லாம் டாக்டரிடம் கேட்டு அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.