இங்கிலாந்துக்குப் பிள்ளைகளோடு கிளம்பும் வேலூர்க் குடும்பங்களுக்கு: பள்ளிச் சேர்க்கை, படிப்படியாக

வேலூரில் நாம் முதலில் பள்ளியைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். வீடு சத்துவாச்சாரியில் இருந்தாலும் காட்பாடியில் இருந்தாலும் பள்ளி வேன் தெருமுனைக்கே வந்து பிள்ளையை ஏற்றிக்கொள்ளும். இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் பெரும்பாலும் வீட்டு முகவரிதான் பள்ளியை முடிவு செய்கிறது. செவிலியர் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் நம் மாவட்டத்தில் பலர் இருக்கிறார்கள். விமானம் ஏறும் முன்பே அவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றின் முறை வேறு.

முதல் படி: வகுப்பைக் கணக்கிடுங்கள்.
மதிப்பெண்ணையோ இங்கே படித்த வகுப்பையோ பார்த்து அங்கே வகுப்பு தருவதில்லை, வயதுதான் கணக்கு. ஆகஸ்ட் 31 அன்று நிறைவடைந்திருக்கும் வயதிலிருந்து நான்கைக் கழித்தால் செப்டம்பரில் சேரும் வகுப்பு வரும். நான்கு வயதுப் பிள்ளை இயர் 1-க்கு முந்தைய வகுப்பான ரிசப்ஷனிலும், ஐந்து வயதுப் பிள்ளை இயர் 1-லும், பதினொரு வயதுப் பிள்ளை உயர்நிலைப் பள்ளியின் தொடக்கமான இயர் 7-லும் சேரும். 2018 ஆகஸ்ட் 28-இல் பிறந்த பிள்ளை 2025 செப்டம்பரில் இயர் 3. ஆறே நாள் கழித்து, செப்டம்பர் 3-இல் பிறந்த பிள்ளை இயர் 2. குடியாத்தம் வீட்டில் காலண்டர் தாளின் பின்புறம் இந்தக் கணக்கைப் போட்டபோது, இரண்டாம் வகுப்பை முடிக்காத என் மகன் இயர் 3-இல் சேர வேண்டியிருந்தது. ஒரு வருடப் பாடம் விட்டுப்போகுமே என்று மாமியார் மிகவும் கவலைப்பட்டார். ஆனால் வயதொத்த பிள்ளைகளோடு உட்கார வைத்து, ஆங்கிலத்துக்குத் தனியாக உதவி செய்வதே அங்குள்ள வழக்கம்.

இரண்டாம் படி: வாடகை ஒப்பந்தத்துக்கு முன் பள்ளியில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.
இதில்தான் நாங்கள் தவறினோம். மருத்துவமனைக்கு நடந்து போகும் தூரம் என்று மட்டும் பார்த்து வீடு பிடித்தோம். சமையலறை ஜன்னலில் நின்றால் ஒரு பள்ளியின் மைதானம் தெரியும், ஆனால் அங்கே இடமில்லை. மகனுக்குக் கிடைத்தது இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய பள்ளி. ஒரு குளிர்காலம் முழுவதும் விடியாத இருட்டில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நிறுத்தத்தில் நின்றேன். விண்ணப்பங்கள் இடங்களைவிட அதிகமானால் எந்த வரிசையில் சேர்ப்பது என்பதை ஒவ்வொரு பள்ளியும் வெளியிட்டிருக்கும். ஏற்கெனவே அங்கே படிக்கும் பிள்ளையின் உடன்பிறப்புகளும், வீட்டிலிருந்து பள்ளிக்குள்ள தூரமும் அதில் பெரும்பாலும் இடம்பெறும். ரிசப்ஷன் முதல் இயர் 2 வரை ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகள் என்பது சட்ட வரம்பு என்பதால், சிறு வகுப்புகளில் கெஞ்சிக் கேட்டும் பயனில்லை. ஆகவே, பார்த்து வைத்திருக்கும் வீட்டின் முகவரியைச் சொல்லி, இந்த வகுப்புக்கு அருகில் எந்தப் பள்ளியில் இடம் உண்டு என்று அந்தப் பகுதி கவுன்சிலிடம் (உள்ளாட்சி நிர்வாகம்) கேட்டுவிட்டே முன்பணம் கொடுங்கள்.

மூன்றாம் படி: விண்ணப்பியுங்கள்.
கல்வியாண்டின் நடுவில் போகிறவர்கள் கவுன்சிலிடமோ, சில பகுதிகளில் நேராகப் பள்ளியிடமோ விண்ணப்பிக்க வேண்டும்; 15 பள்ளி நாள்களுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். செப்டம்பரில் தொடங்கும் வழக்கமான சேர்க்கைக்கு இயர் 7 என்றால் முந்தைய அக்டோபர் 31, ரிசப்ஷன் என்றால் ஜனவரி 15 கடைசி நாள். கட்டணமோ நன்கொடையோ கிடையாது. நாம் அலைந்து வாங்கும் டி.சி.யை அங்கே கேட்பதில்லை. பிறப்புச் சான்றும் முகவரிச் சான்றும் முக்கியம். இடம் மறுக்கப்பட்டால் காத்திருப்போர் பட்டியலில் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். மேல்முறையீட்டு உரிமையும் உண்டு.

மூத்த பிள்ளை இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். நம் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு போன்ற ஜி.சி.எஸ்.இ. தேர்வு இயர் 11 முடிவில் வருகிறது. அதன் பாடங்கள் பெரும்பாலும் இயர் 10, 11 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கும் பரவியிருக்கும். நடுவில் போய்ச் சேரும் பிள்ளை மிகவும் திணறும். முடிந்தால் இயர் 10 தொடங்கும் செப்டம்பருக்கு முன்பே போய்விடுங்கள்.

கடைசிப் படி: ஊருக்கு வரும் நாளைத் திட்டமிடுங்கள்.
லீவ் லெட்டர் எழுதிக் கொடுத்துவிட்டுக் கல்யாணத்துக்கு வர முடியாது. அனுமதியின்றி ஐந்து பள்ளி நாள்கள் தவறினால், ஒரு பிள்ளைக்கு, தாய் தந்தை ஒவ்வொருவருக்கும் 80 பவுண்டு அபராதம் விதிக்கப்படலாம். 21 நாள்களுக்குள் கட்டாவிட்டால் அது 160 பவுண்டு. வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் நடக்கும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா பள்ளி நடக்கும் நாள்களில் வருவதால் எங்களால் பிள்ளைகளைக் கூட்டி வர முடிவதில்லை. ஜூலைக் கடைசியில் கோடை விடுமுறை விட்டதும் கிளம்பினால் ஆடியின் கடைசி வெள்ளிகளுக்கு ஊரில் இருக்கலாம்; அந்த டிக்கெட்டை ஜனவரியிலேயே எடுத்துவிடுகிறோம்.