கருப்பு மருந்துக்கு அடங்கவில்லை

பினாங்கு, கெலுகோரில் ஒரு காண்டோவின் (அடுக்குமாடிக் குடியிருப்பின்) தோட்ட வேலை எங்களுடையது. செம்பருத்தி வேலி முழுக்கக் கரி பூசினாற்போல் கருத்துவிட்டது. என் ஆட்கள் 3 வாரம் பூஞ்சை மருந்தே அடித்தார்கள். காசுதான் கரைந்தது.

ஒருநாள் 10 மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸோடு போனேன். ஈரத்துணியால் துடைத்தால் கருப்பு வந்துவிட்டது. அடியில் இலை பச்சையாகவே இருந்தது. இலைப்புள்ளி நோயாக இருந்தால் இப்படித் துடைபடாது. "அண்ணே, எறும்பு ஏறுது பாருங்க" என்றான் ஒரு பையன். எறும்பின் பின்னாலேயே போனோம். இளந்தண்டில் பஞ்சு பஞ்சாக மாவுப்பூச்சி! அது சாற்றை உறிஞ்சிக் கழிக்கும் இனிப்பு நீரில்தான் அந்தக் கரும்பூசணம் வளர்கிறது. எறும்புக்கும் அதே விருந்து, அதனால் பூச்சிக்குக் காவல் வேறு.

மோசமான தண்டுகளை வெட்டிப் பையில் கட்டினோம். பூச்சிக்கான சோப்புக் கரைசலை இலையடியிலும் கணுக்களிலும் படும்படி, வெயில் ஏறுமுன், வாரம் ஒருமுறை அடித்தோம். எறும்புக்குத் தனியாக மருந்து வைத்தோம். நாலாவது வாரம் துளிர் சுத்தமாக வந்தது.

இப்போதெல்லாம் புது ஆளிடம் முதலில் தெளிப்பானைக் கொடுப்பதில்லை. லென்ஸும் ஒரு வெள்ளைத் தாளும்தான். கிளையைத் தாளின் மேல் தட்டச் சொல்வேன். புள்ளி நகர்ந்தால் பெரும்பாலும் சிலந்திப்பேன் (இலைச்சாறு உறிஞ்சும் மிகச் சின்ன உயிர்), நகராவிட்டால் தூசி. பூச்சியின் பெயரை மலாயில் சொன்னாலும் சரி, தமிழில் சொன்னாலும் சரி, இலையைத் திருப்பிப் பார்க்காமல் சொன்னால்தான் எனக்குக் கோபம் வரும்.