செந்தூரா மாம்பழ நிறத்தில் ஒரு சால்வை: நூல் நிறம் தேர்ந்தெடுப்பதும் அடுக்குவதும்

மாம்பழ சீசன் முடியப்போகும் நேரம். கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுக் கூடையில் கடைசியாக ஒரு செந்தூரா கிடந்தது. காம்புப் பக்கம் தோளில் குங்குமச் சிவப்பு, நடுவில் மஞ்சள், அடியில் இன்னும் போகாத பச்சை. அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மாவுக்கு இந்த நிறத்தில் ஒரு சால்வை நெய்யலாம் என்று அப்போதுதான் தோன்றியது. அம்மா விடியற்காலை ஓசூர் பஸ்ஸில் போகிறவர். மார்கழியில் சூளகிரி தாண்டினால் ஜன்னல் வழியே வரும் காற்று காதை அடைக்கும்.

முதல் தடவை ஒரு முழம் நெய்து முழுவதையும் பிரித்தேன். இரண்டாவது தடவை சரியாக வந்தது. இடையில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். பாவு (தறியில் நீளவாக்கில் போகும் இழைகள்) ஓட்டுவது, விழுதில் இழை கோப்பது, தார் சுற்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். என்னுடையது சின்ன மேசைத் தறி. இங்கே வருவது ஒன்று விட்டு ஒன்று மேலும் கீழுமாகப் போகும் சாதா நெசவு மட்டும்.

நிறத்தை எங்கிருந்து எடுப்பது

நூல் கடையில் நின்றுகொண்டு நிறம் யோசிக்காதீர்கள். அங்கே எல்லாமே அழகாக இருக்கும், ஏழு நிறம் வாங்கி வந்துவிடுவோம். வீட்டிலேயே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். பழமோ, பூவோ, அறுவடைக்கு நிற்கும் கேழ்வரகுக் கதிரோ, பாட்டியின் பழைய சேலையோ, எதுவானாலும் சரி. அதில் என்னென்ன நிறம் இருக்கிறது என்பதோடு, எது எவ்வளவு இருக்கிறது என்றும் பாருங்கள். செந்தூராவில் மூன்று நிறம் இருந்தாலும் மஞ்சள்தான் பாதிக்கு மேல். சிவப்பு அதில் மூன்றில் ஒரு பங்கு, பச்சை அதைவிடக் கொஞ்சம் குறைவு. மூன்றையும் சமமாகப் போட்டிருந்தால் அது கொடித்துணி மாதிரி இருந்திருக்கும், மாம்பழம் வந்திருக்காது.

முதல் சால்வைக்குப் பாவில் மூன்று நிறம், ஊடையில், அதாவது குறுக்கே போகும் நூலில், ஒன்று போதும். கறுப்பு வேண்டாம் என்பது என் கருத்து. மஞ்சள் பக்கத்தில் கறுப்பு வந்தால் கண் அங்கேயே போய் நிற்கும். இருட்டான கரை வேண்டுமென்றால் கேழ்வரகு நிறமோ அரக்கோ போடுங்கள்.

நூல் வாங்குவது

பர்கூரில் ஜவுளிக்கடைகள் வரிசையாக இருக்கின்றன, ஆனால் அங்கே கிடைப்பது துணி. சாயம் ஏற்றிய பருத்தி நூலைக் கொஞ்சமாக வாங்க நான் சேலம்தான் போகிறேன். இணையத்தில் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். போச்சம்பள்ளி என்று போட்டால் இக்கத் (நூலைக் கட்டிச் சாயமேற்றி நெய்யும்) சேலைகளாக வந்து விழும். அது தெலங்கானாவில் இருக்கும் போச்சம்பள்ளி. ஞாயிற்றுக்கிழமை சந்தை கூடும் நம் ஊர்ப் போச்சம்பள்ளிக்கும் அந்த நெசவுக்கும் சம்பந்தமில்லை.

நான் எடுத்தது 2/20 பருத்தி. அதாவது இருபதாம் நம்பர் நூல் இரண்டைச் சேர்த்து முறுக்கியது. ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 17 மீட்டர் வரும். முதல் சால்வைக்கு உல்லன் என்று விற்கும் அக்ரிலிக் நூலைத் தொடாதீர்கள். இழுத்தால் நீளும், பாவில் இறுக்கம் ஒரே மாதிரி நிற்காது. பருத்தி சொன்னபடி கேட்கும்.

கடையில் டியூப் லைட் வெளிச்சத்தில் நிறம் முடிவு செய்யாதீர்கள். சிட்டத்தை (சுருட்டிக் கட்டிய நூலை) கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து பாருங்கள். கடைக்காரர்கள் ஒன்றும் சொல்வதில்லை. தேவையானதை ஒரே தடவையில், ஒன்றாகச் சாயம் ஏற்றிய ஒரே கட்டிலிருந்து வாங்கிவிடுங்கள். அடுத்த மாதம் போய் அதே மஞ்சளைக் கேட்டால் அதன் தம்பி மஞ்சள்தான் கிடைக்கும்.

சிவப்பு நூலை மட்டும் கட்டாயம் சோதியுங்கள். ஒரு துண்டை வெந்நீரில் சோப்புப் போட்டு நனைத்து, பழைய வெள்ளை வேட்டித் துணிக்குள் வைத்து அழுத்தி, அப்படியே காயவிடுங்கள். துணியில் சிவப்பு ஏறினால் அந்த நூல் வேண்டாம். முதல் சலவையிலேயே பக்கத்தில் இருக்கும் மஞ்சளைக் கெடுத்துவிடும். வாட் சாயம் என்று கேட்டு வாங்கினால் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை.

நான் தவறிய இடம்

அட்டையில் நூல் சுற்றிப் பார்ப்பது பலருக்கும் தெரிந்த வழி. நானும் செய்தேன். சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் சுற்றியபோது மாம்பழமே அட்டையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அந்த மகிழ்ச்சியில் பாவு ஓட்டிவிட்டேன். பச்சை நூல் நிறைய மீதம் இருந்ததால் ஊடைக்கும் பச்சையையே எடுத்தேன். மாவிலை பின்னால் இருப்பது மாதிரி வரும் என்று நினைப்பு.

ஒரு முழம் நெய்தபின் எழுந்து தள்ளி நின்று பார்த்தேன். சிவப்புப் பக்கம் சேற்றில் விழுந்த துணி மாதிரி ஆகியிருந்தது. மஞ்சள் வாடிப்போயிருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்து, "ஏம்மா, இது சாயம் போன நூலா?" என்று கேட்டார். நூலில் ஒரு குறையும் இல்லை. நிறம் கெட்டது ஊடையால்.

விஷயம் இதுதான். அட்டையில் சுற்றும்போது பாவு நிறம் மட்டும்தான் தெரிகிறது. துணியில் ஒவ்வொரு பாவு இழையும் ஊடைக்கு மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை போகிறது. சாதா நெசவில் பாவும் ஊடையும் சம அடர்த்தியாக இருந்தால், கண்ணுக்குத் தெரிவதில் பாதி ஊடைதான். மெல்லிய நூலில் அந்தப் புள்ளிகள் இரண்டடி தள்ளினாலே தனித்தனியாகத் தெரியாது, கண் இரண்டையும் கலந்துவிடும். சிவப்பும் பச்சையும் எதிரெதிர் நிறங்கள், கலந்தால் மண் நிறம். நீலமும் பச்சையும் அக்கம்பக்கத்து நிறங்கள், அதனால்தான் பட்டில் அவற்றைப் பாவும் ஊடையுமாகப் போட்டால் மயில் கழுத்து நிறம் மின்னுகிறது.

ஆகவே எதிரெதிர் நிறங்கள் இரண்டையும் பாவில் தள்ளித் தள்ளி வையுங்கள். ஒன்றைப் பாவிலும் மற்றதை ஊடையிலும் வைக்காதீர்கள். இரண்டோடும் ஒத்துப்போகும் மூன்றாவது நிறம் ஊடைக்குப் போகட்டும்.

காலண்டர் அட்டைச் சோதனை

இப்போது நான் எந்தச் சால்வைக்கும் இதைச் செய்யாமல் பாவு ஓட்டுவதில்லை. தாள் கிழித்து முடிந்த தினசரி காலண்டரின் அட்டை இதற்கு மிகப் பொருத்தம். கெட்டியாக இருக்கும், நூல் இழுத்தாலும் வளையாது.

அட்டையில் மூன்று அங்குல அகலத்துக்குக் கோடு போட்டு, அரை அங்குலத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள். ஒவ்வொரு அரை அங்குலத்திலும் பத்துச் சுற்று. மொத்தம் 60 சுற்று. உங்கள் சால்வையின் பாவு வரிசையை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கி இதில் சுற்றுங்கள். பின்பக்கம் டேப் ஒட்டி இழைகளை நிறுத்துங்கள். அப்புறம் கண் பெரிய ஊசியில் ஊடை நூலைக் கோத்து, முன்பக்க இழைகளில் ஒன்று விட்டு ஒன்று மேலும் கீழுமாக வாங்குங்கள். ஒவ்வொரு ஊடை நிறத்துக்கும் அரை அங்குலம், பத்து வரி. சீப்பால் தட்டி நெருக்குங்கள். பிறகு சின்ன இடைவெளி விட்டு அடுத்த நிறம்.

நான் ஐந்து ஊடை போட்டுப் பார்த்தேன். பச்சை, தெரிந்த கதை. சிவப்பு போட்டால் மஞ்சள் நல்ல ஆரஞ்சாகிறது, ஆனால் பச்சைப் பக்கம் கெட்டது. கோரா (சாயம் ஏற்றாத நூல்) எல்லாவற்றையும் பால் கலந்த மாதிரி வெளுக்கவைத்தது. அதே மாம்பழ மஞ்சளை ஊடையாகப் போட்டதும் சிவப்பு கனல் மாதிரி வந்தது, ஆனால் நடுப்பகுதி அசைவே இல்லாமல் தட்டையாகத் தெரிந்தது. கடைசியாகச் சந்தன நிறம். சிவப்பு புதுச் செங்கல் மாதிரி ஆனது, பச்சை வாழைக்குருத்து மாதிரி இளகியது, நடுவில் மாம்பழ மஞ்சளும் சந்தனமும் கலந்து உயிரோடு இருந்தது. அதையே எடுத்தேன்.

அட்டையைச் சுவரில் சாய்த்துப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். பிறகு செல்போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், வெளிச்ச நிறம் ஒன்று, இருட்டு நிறம் ஒன்று குறைகிறது என்று அர்த்தம். என் படத்தில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல்தான். ஆனால் இடையில் மஞ்சள் வெளிச்சமாக நின்று இரண்டையும் பிரித்தது.

பாவு வரிசை

தறியில் அகலம் 24 அங்குலம், அங்குலத்துக்கு 20 இழை, மொத்தம் 480. சால்வை 72 அங்குல நீளம். குஞ்சம், நெசவில் சுருங்குவது, தறியில் வீணாவது எல்லாம் சேர்த்துப் பாவு 3 மீட்டர் ஓட்டினேன்.

இடமிருந்து வலமாக: சிவப்பு 72, சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறும் 56, மஞ்சள் 240, மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறும் 56, பச்சை 56. மாறும் இடத்தில் எட்டு எட்டு இழையாகப் பிரித்துக்கொண்டேன். ஏழு சிவப்பு ஒரு மஞ்சள், அடுத்து ஆறு இரண்டு, ஐந்து மூன்று, இப்படியே ஒரு சிவப்பு ஏழு மஞ்சள் வரை. பழத்தில் நிறம் மாறுவது போலவே கோடு தெரியாமல் நழுவும்.

கூட்டினால் சிவப்பு 100 இழை, மஞ்சள் 296, பச்சை 84. மூன்று மீட்டரால் பெருக்கிப் பதினேழால் வகுத்தால் சிவப்பு 18 கிராம், மஞ்சள் 52, பச்சை 15. ஊடைக்குச் சந்தனம் 63 கிராம் ஆனது. எல்லாவற்றிலும் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குங்கள். நிறங்களைப் பட்டியலாக எழுதாமல், கட்டம் போட்ட நோட்டில் வண்ணப் பென்சிலால் தீட்டி, ஓட்டி முடித்த கட்டத்தை அடித்துக்கொண்டே வாருங்கள். 480 இழையில் எண்ணிக்கை தவறுவது சுலபம்.

பிறகு சேர்த்தது: ஒற்றை இழைச் சிக்கல்

இதைப் பார்த்துப் பாவு ஓட்டிய ஊத்தங்கரை அக்கா ஒருவர், ஏழுக்கு ஒன்று என்று வரும் இடத்தில் நூல் பாவு ஓட்டும் சட்டத்தின் மறுமுனை முளையில் போய் நின்றுவிடுகிறது, ஒவ்வொரு தடவையும் வெட்டி முடிய வேண்டியிருக்கிறது என்று எழுதினார். உண்மைதான். போய்த் திரும்பினால்தான் நூல் புறப்பட்ட இடத்துக்கு வரும், அதற்கு இரட்டைப்படை வேண்டும். எனக்கு முடிச்சுப் போட்டே பழகியதால் இதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மன்னியுங்கள் அக்கா.

அவருக்குச் சொன்ன மாற்று இது. ஆறு இரண்டு, ஆறு இரண்டு, நான்கு நான்கு, நான்கு நான்கு, இரண்டு ஆறு, இரண்டு ஆறு. இதில் 48 இழை. மீதி எட்டில் நான்கை முழுச் சிவப்புப் பட்டையிலும் நான்கை மஞ்சளிலும் சேர்த்துவிடுங்கள். பச்சைப் பக்கமும் இப்படியே. மொத்த எண்ணிக்கையும் நூல் எடையும் மாறாது. நானும் இப்போது இப்படித்தான் ஓட்டுகிறேன்.

இன்னொன்று: பட்டு ஊடை

நம் பக்கம் மல்பெரித் தோட்டமும் தர்மபுரியில் பட்டுக்கூடு அங்காடியும் இருக்கும்போது ஊடைக்குப் பட்டு போடலாமே என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். தாராளமாகப் போடலாம். ஆனால் அட்டைச் சோதனையைப் பட்டு நூலிலேயே செய்யுங்கள். அதே சந்தன நிறம் பட்டில் வரும்போது வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், பருத்தியில் பார்த்ததைவிடப் பளிச்சென்று இருக்கும், சிவப்பு இன்னும் கொஞ்சம் பின்வாங்கும். அதற்கு ஈடாகச் சிவப்புப் பட்டையில் எட்டு இழை கூட்டி, நடு மஞ்சளில் எட்டு இழை குறையுங்கள். துவைப்பது குளிர்ந்த நீரில் மட்டும்.