புதுச்சேரிக்குப் பூனையோடு வருகிறீர்களா?

பிரான்சிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் புதுச்சேரியில் குடியேற வருகிற நம்மவர்களில் சிலர் பூனையையும் கூடவே கூட்டி வருகிறார்கள். லாஸ்பேட்டை விமான நிலையத்தில் வெளிநாட்டு விமானம் இறங்காது. சென்னை வழியாக வருவதுதான் வசதி. வெளிநாட்டிலிருந்து வரும் பிராணிகளைச் சோதித்து உள்ளே விடுகிற விலங்கு குவாரன்டைன் அலுவலகம் அங்கே இருக்கிறது. அதன் தடையில்லாச் சான்று கைக்கு வராமல் பூனையோடு விமானம் ஏறிவிடாதீர்கள்.

பிரான்சிலிருந்து வருபவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. திரும்பிப் போகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், வெறிநோய்த் தடுப்பூசி போட்டு 30 நாளாவது கழித்து, ஊசி வேலை செய்திருக்கிறதா என்று பார்க்க எடுக்கும் ரத்தப் பரிசோதனையை அங்கேயே முடித்து, பூனையின் பாஸ்போர்ட்டில் (டாக்டர் தடுப்பூசி விவரம் எழுதித் தரும் ஐரோப்பியப் புத்தகம்) பதிந்துகொண்டு கிளம்புங்கள். இங்கே வந்தபின் எடுத்தால், ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் ஆகும் வரை ஐரோப்பாவுக்குள் விடமாட்டார்கள்.

வீடு அமைந்த கையோடு டாக்டரையும் பார்த்து வையுங்கள். நோய் வந்த ராத்திரியில் தேடி அலையக் கூடாது. நாய், பூனை பார்க்கும் தனியார் கிளினிக்குகள் நகரத்தில் இருக்கின்றன. பெரிய வைத்தியம் என்றால் குரும்பாப்பேட்டில் இருக்கிற ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி. அரசு கால்நடை மருத்துவமனையை அக்கம்பக்கத்தில் ‘மாட்டாஸ்பத்திரி’ என்பார்கள்; பெயரைக் கேட்டுத் தயங்க வேண்டாம்.

கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் உங்களுக்கு முன்னால் மடிவீக்கம் வந்த மாடும் வயிறு உப்பிய ஆடும் காத்திருக்கலாம். மாணவர்கள் சூழ்ந்து நிற்பார்கள். ஐந்தரை வருடப் படிப்பு அது, கடைசி ஒரு வருடம் முழுக்கப் பயிற்சி. மாணவர் கேட்டதையே டாக்டரும் கேட்பார், அலுத்துக்கொள்ளாமல் சொல்லுங்கள். மனிதருக்கு வைத்தியம் பார்ப்பவர் ஓர் உடம்பைப் படித்தால் போதும். இவர்கள் நான்கு அறை வயிறுள்ள மாட்டிலிருந்து கோழி வரைக்கும் படித்தாக வேண்டும். அதிலும் பூனை வலியை வெளியே காட்டாத பிராணி. கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது சிறுநீர் போனது, வாந்தியில் என்ன வந்தது என்று நீங்கள் சொல்வதுதான் டாக்டருக்குப் பாதி வைத்தியம். வீட்டில் இருமும் பூனை அங்கே போனால் கப்சிப். செல்போனில் வீடியோ எடுத்துப் போங்கள்.

கைக்குள் அணைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறாதீர்கள். பூனைக்கூடை இல்லையா, மளிகைக்கடையில் கிடைக்கும் இரண்டு பிளாஸ்டிக் கூடைகளை ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்துக் கயிற்றால் கட்டினால் போதும். மேலே பழைய துண்டைப் போர்த்தி, நாய்கள் கண்ணில் படாதபடி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கைதேர்ந்த டாக்டர் பூனையை வெளியே இழுக்கமாட்டார். மேல்கூடையை மட்டும் எடுத்துவிட்டு, உள்ளே உட்கார்ந்தபடியே பார்ப்பார். உதட்டை லேசாகத் தூக்கிக் கட்டைவிரலால் ஈறை அழுத்துவார். அது வெளுத்து, இரண்டு நொடிக்குள் மறுபடி சிவந்தால் ரத்த ஓட்டம் சரி. ஈறு மஞ்சளாக இருந்தால் கல்லீரல் மேல் சந்தேகம் வரும். அப்புறம் ஆசனவாயில் தெர்மாமீட்டர்: 102 டிகிரி ஃபாரன்ஹீட் பூனைக்குக் காய்ச்சல் இல்லை.

அதற்காக வீட்டிலேயே வைத்தியம் ஆரம்பித்துவிடாதீர்கள். நமக்குப் போடுகிற பாராசிட்டமால் ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கென்று விற்கிற சில உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும், அதுவும் விஷம்தான். ஆண் பூனை மணல் தட்டில் போய்ப் போய் முக்கியும் சொட்டு சிறுநீர் வரவில்லை என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். சிறுநீர் அடைப்பு ஓரிரு நாளில் உயிரைக் குடிக்கும். குண்டுப் பூனை இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு படிய ஆரம்பிக்கும்.

இங்கே வந்து தெருக்குட்டியை எடுத்து வளர்ப்பவர்கள் 8 வாரத்தில் முதல் தடுப்பூசியும், மூன்று மாதம் ஆனதும் வெறிநோய் ஊசியும் போட வேண்டும். அதற்குள் குட்டி கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மனிதர்கள் போகும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உங்களுக்கான ஊசியை மாட்டாஸ்பத்திரியில் போடமாட்டார்கள்.