ரிம் மாற்றினேன், டயர் உரசியது
16 அங்குல ரிம்மை மாற்றி 17 போட்டேன். மறுநாளே சிங்கப்பூர் யீஷூன் வட்டாரப் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பியபோது டயர் உள்ளே உரசியது. வயிற்றைக் கலக்கிவிட்டது.

டயரில் எழுதியிருந்ததைப் பார்த்தேன்: 225/50 ஆர்17. பழையது 205/55 ஆர்16. 225 என்பது மி.மீ.யில் டயரின் அகலம், 17 என்பது அங்குலத்தில் ரிம் விட்டம். அகலத்தில் 50 சதவீதம் பக்கச்சுவரின் உயரம். அதை இரட்டித்து, மி.மீ.க்கு மாற்றிய ரிம் விட்டத்தோடு கூட்டினால் டயரின் மொத்த உயரம் 657 மி.மீ. பழையதோ 632 தான். கடையில் இதைக் கணக்குப் பார்க்கவே இல்லை! 225/45-க்கு மாற்றினேன், 634. உரசல் நின்றது.

அப்புறம் சுமைக் குறியீடு (டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதைக் காட்டும் எண்) பழைய 91-க்குக் குறையாமல் பார்த்துக்கொண்டேன். நம்ம ஊர் மழைக்கு ஈரச் சாலையில் பிடிப்புதான் முதலில், அழகெல்லாம் பிறகு. டயரில் உள்ள தயாரிப்புத் தேதியையும் பாருங்கள்: 2324 என்றால் 2024-இன் 23-ஆம் வாரம்.